அறுகிறது கழுத்திலை: வீட்டிலை பிறேக் கேபிள் செய்யிறது

போன மாசம் ஒருநாள் விடிய ஆறு மணிக்குப் படலையடியிலை ஹோண் சத்தம். மீன்கார அண்ணை. யாழ்ப்பாணத்துக் குருநகரிலை ஏத்தி, கொக்குவில், இணுவில் எண்டு ஒழுங்கை ஒழுங்கையாய் வித்துக்கொண்டு போறவர். அவரின்ரை ஹோண்டா சி 90 மோட்டச்சைக்கிள் மதிலோடை சாய்ஞ்சு நிக்குது, பின்பெட்டியாலை ஐஸ் தண்ணி சொட்டுது, கையிலை முன் பிறேக் கேபிள் செத்த சாரைப்பாம்பு மாதிரித் தொங்குது.

“தம்பி, கடை திறக்க எட்டரை ஆகும். அதுக்கிடையிலை என்ரை சூடை எல்லாம் கருவாடாய்ப் போடும்.”

கேபிளை வாங்கி முனையைப் பாத்தன். நினைச்ச இடத்திலைதான் அறுந்திருக்கு: லீவருக்குள்ளை இருக்கிற நிப்பிளுக்குக் (வயரின்ரை நுனியிலை பிடிச்ச சின்னப் பித்தளைக் குமிழ்) கீழை, கால் அங்குலத்துக்குள்ளை. பத்தொன்பது கம்பியிலை பதினொண்டின்ரை முனை கறுத்துத் துருவேறிக் கிடக்கு. அதுகள் எப்பவோ அறுந்ததுகள். மிச்சம் எட்டும் வெள்ளையாய்ப் பளபளக்குது. அது அண்டைக்குக் காலமை அறுந்தது. மாசக்கணக்காய் எட்டுக் கம்பியிலை பிறேக் பிடிச்சுக்கொண்டு மனிசன் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலை ஓடியிருக்கிறார்.

அரை மணித்தியாலத்திலை செய்து குடுக்கிற வேலை இல்லை இது. என்ரை எம்.டி 90 மோட்டச்சைக்கிளைக் கொண்டுபோங்கோ, பின்னேரம் வந்து உங்கடையை எடுங்கோ எண்டு திறப்பைக் குடுத்தன். குசினி யன்னலுக்காலை மனிசி பாத்த பார்வையை இங்கை எழுதேலாது.

அண்டைக்குச் செய்த வேலையைத்தான் இதிலை முழுசாய் எழுதப்போறன். முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். இது ட்ரம் பிறேக் உள்ள வண்டிக்கு. முன்னுக்கு டிஸ்க் பிறேக் உள்ள வண்டியெண்டால் அதிலை ஓடுறது ஒயில் குழாய். அதை வீட்டிலை செய்ய வெளிக்கிடக் கூடாது. உங்கடை வண்டிக்கு நல்ல கேபிள் கடையிலை கிடைக்குதெண்டால் அதையே வாங்குங்கோ, அதிலை ஒரு குறைவும் இல்லை. கடையிலை இல்லாத பழைய வண்டிக்கும், ஹாண்டிலை மாத்தி உயரம் கூட்டின வண்டிக்கும், ஸ்டான்லி வீதிக் கடையள் முழுக்க ஏறி இறங்கி வெறுங்கையோடை வந்தவைக்கும்தான் இந்தக் கதை.

நான் மெக்கானிக் இல்லை, ரேடியோ திருத்துறவன். கேபிள் பழகினது 1990க்குப் பிறகு. அந்த வருசம் ஜூனிலை சண்டை திரும்பத் துவங்கினதோடை கரண்ட் போச்சுது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட காலம். பெற்றோல் இல்லாமல் சி 50, எம்.டி 90 எல்லாம் மண்ணெண்ணையிலை ஓடிச்சுது. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலிலை கொஞ்சம் பெற்றோல். வண்டி எப்பிடியோ ஓடும், கேபிள் அறுந்தால் மாத்தக் கேபிள் இல்லை. சோல்டர் பிடிக்கத் தெரிஞ்சவன் எண்டபடியாலை அயலுக்குள்ளை எல்லாரும் என்னட்டை வந்திச்சினம்.

முதல் செய்தது அப்பான்ரை சி 50 க்கு. வயரை நிப்பிளுக்குள்ளை நேராய்ச் செருகி, மேலாலை சோல்டர் ஈயத்தை ஊத்தி, அரத்தாலை மினுக்கி, நல்ல வடிவாய் இருந்தது. மூண்டாம் நாள் நாச்சிமார் கோயிலடியிலை வயர் அப்பிடியே உருவிக்கொண்டு வந்திட்டுது. ரெண்டாவதை விடமாட்டன் எண்டு நகை வேலை செய்யிற ஒருத்தரிட்டை ஊதுகுழல் வாங்கி, நிப்பிள் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி ஈயத்தை ஓடவிட்டன். அது உருவுப்படேல்லை. ஒரு பாலத்தாலை போகேக்கை, கழுத்தோடை அறுந்தது. எதிர்க்காத்து நல்லாய் அடிச்சபடியாலை வண்டி தானாய் நிண்டுது, இல்லாட்டில் கடலுக்கைதான்.

இந்த ரெண்டு பிழையையும் விளங்கினால் கேபிள் வேலையிலை முக்கால்வாசி விளங்கினமாதிரி. ஈயம் மெத்தென்ற உலோகம், அது தனியத் தாங்காது. வயரின்ரை முனையை விரிச்சு நிப்பிளுக்குள்ளை கொழுவவைச்சால்தான் தாங்கும். மற்றது, பிறேக் வயர் எண்டது இழுத்து இழுத்து இறுக்கமாக்கின உருக்குக் கம்பி. சிவக்கச் சூடாக்கினால் அந்த உரம் போயிடும். பிறகு அது கட்டுக்கம்பிதான். கேபிள் நடுவிலை அறுந்து நான் ஒருநாளும் காணேல்லை. நெடுக நிப்பிளின்ரை கழுத்திலைதான். அதாலை கவனம் எல்லாம் அந்தக் கால் அங்குலத்துக்கு.

*சாமான்*

உள்வயர் முதல். பிறேக்குக்கும் கிளச்சுக்கும் 2 தொடக்கம் 2.5 மி.மீ வரை மொத்தம். பழையதை வேர்ணியர் அளவுகோலிலை அளந்து, அதே மொத்தத்திலை வாங்குங்கோ. சைக்கிள் பிறேக் வயர் ஒண்டரை மி.மீ சொச்சம்தான், அக்ஸிலேற்றருக்கு அவசரத்துக்குப் போடலாம், முன் பிறேக்குக்குப் போடுறது தற்கொலை. வயரிலை ரெண்டு சாதி இருக்கு. பத்தொன்பது தனிக்கம்பி ஒண்டாய் முறுக்கினது ஒண்டு. ஏழு கம்பி முறுக்கின புரி ஏழைச் சேத்து முறுக்கி நாப்பத்தொன்பது கம்பியாய் வாறது மற்றது. முதலாவது விறைப்பு, இழுபடாது, பிறேக்குக்கு நல்லது. ரெண்டாவது நல்லாய் வளையும், நெளிஞ்சு நெளிஞ்சு போற இடத்துக்குச் சரி. ஓட்டோவுக்கு விக்கிற தனி உள்வயர் ஒரு முனையிலை நிப்பிளோடையே வரும். அந்த நிப்பிள் உங்கடை லீவருக்குச் சரியாய் இருந்தால் பாதி வேலை மிச்சம். கடைக்குப் போகேக்கை லீவரைக் கழட்டிக்கொண்டு போங்கோ, கடைக்காரர் சிரிச்சாலும் பரவாயில்லை.

துருப்பிடிக்காத வயர் எண்டு வெள்ளையாய் ஒண்டு வரும். எங்கடை உப்புக்காத்துக்கு அது நல்லதுதான், ஆனால் சாதாரணச் சோல்டர் பேஸ்டிலை அதிலை ஈயம் ஒட்டாது, உருண்டு உருண்டு விழும். அதுக்குப் பொஸ்பொரிக் அசிட் உள்ள பிளக்ஸ் (ஈயத்தை ஒட்டவைக்கிற மருந்து) வேணும். முதல்முறை செய்யிறவை நாகம் பூசின வயரோடை நிக்கிறது புத்தி.

வெளிக்குழாய் நல்லாயிருந்தால் பழையதையே பாவிக்கலாம். மண்ணெண்ணை விட்டுக் கழுவி, உள்ளுக்குப் புதுவயரை விட்டு, கையாலை வட்டமாய் வளைச்சுக்கொண்டு இழுத்துப் பாருங்கோ. கரகரத்தால் எறியுங்கோ. மேல் பிளாஸ்டிக் வெடிச்சு உள்ளுக்குத் துருத் தெரிஞ்சாலும் எறியுங்கோ. சைக்கிள் கியர் கேபிளின்ரை வெளிக்குழாயை மட்டும் பிறேக்குக்குப் போடாதேங்கோ. அதுக்குள்ளை கம்பி நீளவாக்கிலை ஓடும், அமத்தின உடனை பிளந்திடும். பிறேக் குழாய்க்குள்ளை தட்டைக் கம்பி சுருளாய் இருக்கும்.

நிப்பிள் பித்தளை. கடையிலை இல்லாட்டில் லேத்திலை வேலை செய்யிற கடைச்சல்காரரிட்டைப் பழைய நிப்பிளைக் காட்டினால் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ளை கடைஞ்சு தருவார். பித்தளைத் துண்டுக்குப் பழைய தண்ணிப்பைப்பின்ரை தண்டு காணும். (ஒருக்கால் மனிசியின்ரை உடைஞ்ச குத்துவிளக்கின்ரை தண்டிலை கண் வைச்சன். அதைப்பற்றி வேறை கதைக்கேல்லை.) ஓட்டை வயரிலும் பாக்கக் கால் மி.மீ மட்டும் பெரிசாய் இருக்கவேணும். ஓட்டையின்ரை ஒரு வாய் புனல் மாதிரி அகலமாய் இருக்கவேணும். விரிச்ச முனை போய் இருக்கிறது அதுக்குள்ளைதான். கீழ்வாயின்ரை கூர்விளிம்பையும் லேசாய் உருட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டில் அந்த விளிம்பு கத்தி மாதிரிக் கழுத்தை அறுக்கும்.

சி 90 மாதிரி வண்டியிலை கேபிளின்ரை கீழ் முனையிலை நிப்பிள் இராது, மரை வெட்டின தண்டு இருக்கும், அதிலை நட்டைப் பூட்டித்தான் பிறேக் சரிபண்ணுறது. கம்பனியிலை அதை மெசினாலை நசுக்கிப் பிடிச்சிருப்பினம், அது எங்களாலை ஏலாது. நான் செய்யிறது: அந்த நட்டுக்கு மரை பொருந்துற ஒரு மெல்லிரும்புப் பொல்ற் எடுத்து, கடைச்சல்காரரிட்டைக் குடுத்து நடுவாலை நீளத்துக்குத் துளை போடுவிக்கிறது. தலைப்பக்கத்தாலை வயர் உள்ளுக்குப் போய், மரைப்பக்கத்து நுனியாலை வெளியிலை வரும். புனல்வாய் அந்த நுனியிலை. துளை ஒரு பக்கம் சரிஞ்சு, சுவர் மெலிஞ்சு போனால் அந்தப் பொல்ற்றை எறிஞ்சிட்டு வேறை செய்விக்கவேணும்.

*அளவு*

பழைய கேபிளை மேசையிலை நீட்டி, உள்வயரை ஒரு பக்கத்துக்கு முழுக்க இழுத்துவிட்டு ரெண்டு அளவு எடுங்கோ: வெளிக்குழாய் முனைக்கு முனை எவ்வளவு, குழாய்க்கு வெளியிலை தெரியிற வயர் நிப்பிள் வரைக்கும் எவ்வளவு. ரெண்டாவதுதான் முக்கியம். குழாய் ஒரு அங்குலம் கூடினால் வளைவு கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். வெளிவயர் அரை அங்குலம் பிழைச்சால் பிறேக்கே பிடிக்காது, அல்லது விடாது. அளவெடுக்கேக்கை அட்ஜஸ்ரரை (கேபிளின்ரை இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற மரைத்துண்டு) நடு மரையிலை வைச்சுக்கொண்டு எடுங்கோ, அப்ப ரெண்டு பக்கமும் திருத்த இடம் இருக்கும்.

ஹாண்டில் மாத்தின வண்டியெண்டால் பழைய அளவு உதவாது. மொத்தமான நூல்கயிறு ஒண்டை கேபிள் போற வழியாலை விட்டு, ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, பிறகு வலப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கோ. எந்தப் பக்கம் கூடக் கயிறு கேக்குதோ அந்த அளவு. முன் சொக் அப்சோபர் அமுங்கி எழும்புறதுக்கும் இடம் விடவேணும்.

குழாய் 1000 மி.மீ, வெளிவயர் 110 மி.மீ எண்டு வைப்பம். வயர் 1110 மி.மீ. நான் 1200 வெட்டுவன். ரெண்டாவது நிப்பிளைப் பிடிக்கேக்கை மிச்சத்தைக் கழிக்கலாம், ஒட்டுப்போட்டு நீட்டேலாது.

வெட்டுற இடத்திலை இறுக்கி ரேப் சுத்திப்போட்டு, கூரான கேபிள் வெட்டுற குறட்டாலை ஒரே அமத்து. கிறைண்டராலை வெட்டினால் நுனி நீலமாகும், அந்த நீலம் எண்டது சூடு பட்ட அடையாளம். வெளிக்குழாயை இரும்புவாளாலை வெட்டலாம். வெட்டின வாயை அரத்தாலை தட்டையாக்கி, உள்ளுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை ஆணியாலை வழிச்சு எடுத்து, பிறகு குழாயின்ரை முனை மூடியைப் போடுங்கோ.

*பூ*

வயரின்ரை நுனி ரெண்டு அங்குலத்தைப் பெற்றோலிலை கழுவி, சுத்தமான சீலையாலை துடையுங்கோ. கம்பனி பூசின எண்ணெய் இருந்தால் ஈயம் ஒட்டாது. நிப்பிளை வயரிலை கோருங்கோ, புனல்வாய் மேலை பாக்க. வயரை வைஸிலை நிமித்திப் பிடிச்சு, அஞ்சு மி.மீ மட்டும் மேலை விடுங்கோ. வைஸின்ரை பல்லு வயரைக் கடிக்கக் கூடாது. ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவிலை வைச்சுப் பிடியுங்கோ.

(என்ரை வைஸைப் பற்றிச் சொல்லவேணும். 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயரேக்கை அதைச் சைக்கிளிலை ஏத்தேலாது. கிறீஸ் அப்பி, சாக்கிலை கட்டி, கிணத்துக்கை இறக்கிப்போட்டு நாவற்குழிப் பாலத்தாலை சனத்தோடை சனமாய்ச் சாவகச்சேரிக்கு நடந்தம். அடுத்த வருசம் திரும்பி வந்து பாதாளக்கரண்டியாலை துழாவி எடுத்தன். வீட்டிலை கதவுகூட மிஞ்சேல்லை, வைஸ் இருந்தது.)

இப்ப சின்னச் சுத்தியலாலை வயரின்ரை தலையிலை நேரே மெல்லத் தட்டுங்கோ. பலமாய் அடிச்சால் மடங்கும். மெல்ல, நிறையத் தரம். பத்துப் பதினைஞ்சு தட்டிலை கம்பிகள் ஒண்டையொண்டு விலத்தி, சின்னப் பூ மாதிரி விரியும். பிடிவாதம் பிடிக்கிற கம்பியை ஒரு தையல் ஊசியாலை விலத்திவிடுங்கோ. விரிஞ்ச பிறகு நிப்பிளை மேலை இழுத்தால் பூ புனலுக்குள்ளை போய்க் குந்தவேணும். ஈயம் ஒரு சொட்டும் இல்லாமலே இப்ப கையாலை இழுத்துப் பாருங்கோ. நிப்பிள் கழண்டு வரக்கூடாது. வந்தால் திரும்பத் தட்டுங்கோ. நாச்சிமார் கோயிலடியிலை நான் விட்ட பிழை இந்த இடத்திலைதான்.

*ஈயம்*

அறுபது வீதம் வெள்ளீயம், நாப்பது வீதம் காரீயம் உள்ள சோல்டர். அது 183 பாகையிலை இளகத் துவங்கி, 190 அளவிலை முழுசாய் உருகும். ஒரு பழைய இரும்புக் கரண்டியிலை ரெண்டு அங்குல ஆழத்துக்கு உருக்குங்கோ. அந்தக் கரண்டி பிறகு குசினிக்குத் திரும்பக் கூடாது, காரீயம் நஞ்சு. வெளியிலை, காத்தோட்டமான இடத்திலை செய்யுங்கோ, சின்னப்பிள்ளையளை அண்டவிடாதேங்கோ, முடிஞ்ச உடனை கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதேங்கோ. உருகின ஈயத்துக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் அது வெடிச்சுத் தெறிக்கும். என்ரை இடக்கையிலை இருக்கிற தழும்பு வேர்வையாலை வந்தது.

சூட்டைப் பாக்க வெப்பமானி தேவையில்லை. காஞ்ச பேப்பர்த் துண்டொண்டை ஈயத்திலை முட்டுங்கோ. ரெண்டு மூண்டு செக்கனிலை பால்தேத்தண்ணி நிறம் வந்தால் சரி. வைச்ச உடனை கருகிப் புகைஞ்சால் அடுப்பைக் குறைச்சுப்போட்டுப் பொறுங்கோ.

இனிக் கழுத்து. ஈயம் எண்டது விளக்குத் திரியிலை எண்ணெய் ஏறுறமாதிரிக் கம்பிகளுக்கிடையிலை ஏறும். நிப்பிளுக்குள்ளை ஏறினால் நல்லது. நிப்பிளைத் தாண்டி வெளிவயரிலையும் ஏறிச்சுதெண்டால் அந்த இடம் ஆணி மாதிரி விறைச்சுப் போகும். விறைச்ச இடமும் வளையிற இடமும் சந்திக்கிற அந்தக் கோட்டிலைதான் ஒவ்வொரு கம்பியாய் அறுகத் துவங்கும். இதுக்கு ரேடியோ வேலையிலை ஒரு பழக்கம் இருக்கு. ஏசி 128 மாதிரிப் பழைய ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டர் சூடு தாங்காது. காலுக்குச் சோல்டர் பிடிக்கேக்கை மூக்குக்குறட்டாலை காலைக் கவ்விப் பிடிப்பம், சூடு குறட்டுக்குள்ளை போயிடும். அதே வேலைதான் இங்கையும். நிப்பிளோடை ஒட்டி, கீழ்ப்பக்கத்து வயரைப் பெரிய குறட்டாலை இறுக்கிக் கவ்வுங்கோ. அதுக்கு முதல் அந்த இடத்திலை பென்சில் கரியை நல்லாய்த் தேயுங்கோ, கரி உள்ள இடத்திலை ஈயம் ஒட்டாது.

பூவிலையும் நிப்பிளுக்குள்ளையும் பேஸ்ட் பூசி, தலைகீழாய்ப் பிடிச்சு, நிப்பிளை மட்டும் ஈயத்திலை முக்குங்கோ. “ஸ்ஸ்” எண்டு ஒரு சத்தம், கொஞ்சம் புகை. மனசுக்குள்ளை பத்து எண்ணுங்கோ. சத்தம் அடங்கி, பித்தளையிலை ஈயம் வழுக்கிக்கொண்டு பரவுறது தெரியும். எடுத்து, ஒருக்கால் உதறி, அசைக்காமல் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. மினுக்கம் மங்கி இறுகுற நேரம் கை நடுங்கினால் உள்ளுக்கு வெடிப்பு விழும். தண்ணியிலை போட்டுக் குளிரவைக்கிற வேலை வேண்டாம், தானாய் ஆறட்டும்.

ஆறின பிறகு பாக்கிறது: பூவின்ரை கம்பி ஒவ்வொண்டுக்கும் நடுவிலை ஈயம் நிறைஞ்சு, மேலை வழவழவெண்டு இருக்கவேணும். மணல் மாதிரிச் சொரசொரத்தால் சூடு காணேல்லை, திரும்ப முக்குங்கோ. கீழ்க் கழுத்தை நகத்தாலை வளைச்சுப் பாருங்கோ, நிப்பிளின்ரை வாயிலையே வளையத் துவங்கவேணும். அசிட் கலந்த பிளக்ஸ் பாவிச்சிருந்தால் சுடுதண்ணியிலை அப்பச்சோடா கரைச்சு அதிலை கழுவி, காயவைச்சு, எண்ணெய் பூசுங்கோ. இல்லாட்டில் அந்த அசிட் மிஞ்சியிருந்து வயரைத் தின்னும்.

ஈயம் பிடிக்காமல் ஸ்குரூ பூட்டுற நிப்பிள் ஒண்டு கடையிலை வரும். கிளச் அறுந்து நடுவழியிலை நிக்கேக்கை வீட்டை வந்து சேர அது உதவும். பிறேக்கிலை அதை நம்பக் கூடாது, ஸ்குரூ கம்பியை நசுக்கித்தான் பிடிக்குது.

*ரெண்டாவது முனை*

இதிலை எல்லாரும் ஒருக்காலாவது ஏமாறுவினம். நான் மூண்டுதரம். ரெண்டாவது நிப்பிளைப் பிடிக்கிறதுக்கு முதல் றப்பர் உறை, அட்ஜஸ்ரர், அதின்ரை நட், மூடி, வெளிக்குழாய், மற்ற மூடி எல்லாத்தையும் வரிசைப்படி வயரிலை கோத்தாச்சோ எண்டு பாருங்கோ. வேலை முடிஞ்சு, மினுக்கி, திருப்தியாய்ச் சிரிச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தால் அட்ஜஸ்ரர் மேசையிலை இருக்கும். இப்ப நான் வேலை துவங்கேக்கை எல்லாத்தையும் வண்டியிலை இருக்கிற ஒழுங்கிலை ஒரு ஈர்க்கிலை கோத்து வைக்கிறனான். ஈர்க்கு வெறுமையானால்தான் அடுப்பு மூட்டுறது.

வண்டியிலை வைச்சு நீளத்தை ஒருக்கால் ஒப்பிட்டு, அடையாளம் போட்டு, பூவுக்கு அஞ்சு மி.மீ விட்டு மிச்சத்தை வெட்டி, முதல் மாதிரியே செய்யுங்கோ. ஈயம் குழாயின்ரை பிளாஸ்டிக்கிலை படாமல் குழாயைத் தள்ளிக் கட்டிவிடுங்கோ.

*பாரம் தூக்கிப் பாக்கிறது*

லீவர் சுழலுற ஆணியிலையிருந்து நிப்பிள் 27 மி.மீ, விரல் பிடிக்கிற இடம் 120 மி.மீ எண்டால், விரலின்ரை இழுவை கேபிளிலை கிட்டத்தட்ட நாலரை மடங்காய் வரும். சாதாரணமாய் 20 கிலோ பிடிச்சால் கேபிளிலை 90 கிலோ. மாடு குறுக்காலை பாய்ஞ்ச நேரம் 40 கிலோ பிடிச்சால் 180. அதாலை நான் 200 கிலோ தூக்காத கேபிளை ஆருக்கும் குடுக்கிறேல்லை. கீறு வெட்டின இரும்புத் தகட்டிலை மேல் நிப்பிளைக் கொழுவி மாமரக் கொப்பிலை கட்டி, கீழ் முனையிலை ஒரு பலகை தொங்கவிட்டு, நிலத்திலையிருந்து ஒரு சாண் உயரத்திலை வைச்சு, 50 கிலோ சீமெந்துப் பை ஒவ்வொண்டாய் நாலு ஏத்துறது. ஆரும் காலைக் கீழை நீட்டக் கூடாது. மதியச் சாப்பாடு முடிஞ்சு வரும்வரைக்கும் தொங்கட்டும்.

ஏத்துறதுக்கு முதல் நிப்பிளும் வயரும் சேருற இடத்திலை நகப்பூச்சு ஒரு பொட்டு வையுங்கோ, பாதி நிப்பிளிலை, பாதி வயரிலை. பாரத்திலை வயர் ஒரு மயிரளவு உருவினாலும் பொட்டிலை கோடு விழும். கோடு விழுந்தால் அது குப்பைக்கு.

*பூட்டுறது*

குழாய்க்குள்ளை எண்ணெய்: மேல் முனையிலை ஷொப்பிங் பையின்ரை மூலையைக் கட்டி, கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, கீழாலை சொட்டும்வரைக்கும் தொங்கவிடுங்கோ. உள்ளுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் குழல் உள்ளதெண்டால் ஒரு சில துளி காணும், தடிச்ச கிறீஸ் வேண்டாம். என்ரை மாமி சைக்கிளுக்கு நல்லெண்ணெய் விடுவா. அது ஆறு மாசத்திலை பசை மாதிரி இறுகி, பேந்து கேபிள் திரும்பி வராது.

லீவருக்குள்ளை நிப்பிள் தாராளமாய்ச் சுழலவேணும். இதை ஆரும் பாக்கிறேல்லை. லீவரைப் பிடிக்கேக்கை நிப்பிள் தன்ரை குழிக்குள்ளை கொஞ்சம் திரும்பவேணும். திரும்பாமல் இறுகினால் அந்த வளைவு முழுக்கக் கழுத்துக்குத்தான் போகும். மீன்கார அண்ணையின்ரை கேபிள் அறுந்ததும் இதாலைதான். உப்புக்கையோடை நெடுகப் பிடிச்சுப் பிடிச்சு, லீவரின்ரை குழிக்குள்ளை பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்து, நிப்பிள் வெல்டிங் பிடிச்சமாதிரி இருந்தது. நான் அந்தக் குழியை மண்ணெண்ணையும் பழைய பல்லுத் துலக்கிற பிரஷ்சும் கொண்டு சுத்தமாக்கி, புது நிப்பிளை அரத்தாலை ஒரு மயிரளவு குறைச்சு, கிறீஸ் வைச்சுப் பூட்டினன்.

கேபிள் எங்கையும் கூராய் மடங்கக் கூடாது, எஞ்சினிலை முட்டக் கூடாது. ஹாண்டிலை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, முன் சில்லைத் தூக்கிச் சுத்திப் பாருங்கோ; எந்தப் பக்கமும் பிறேக் தானாய்ப் பிடிக்கக் கூடாது. லீவர் நுனியிலை ஒண்டு தொடக்கம் ரெண்டு செ.மீ சும்மா அசையவேணும். பலங்கொண்டமட்டும் ஒரு அம்பது தரம் பிடிச்சு விட்டால் குழாயும் மூடியும் தங்கடை இடத்திலை இருக்கும், பிறகு திரும்ப நட்டை இறுக்குங்கோ. முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள்ளை, நடக்கிற வேகத்திலை. அடுத்தநாள் ஒருக்கால் நட்டைப் பாருங்கோ.

அண்ணை வந்தது நாலு மணிக்கு. லீவரைப் பிடிச்சுப் பாத்தார், விட்டார், திரும்பப் பிடிச்சுப் பாத்தார்.

“வெண்ணெய் மாதிரிக் கிடக்கு. உதென்ன தம்பி, சிவப்பாய்ப் பொட்டு?”

“கிழமைக்கொருக்கால் றப்பரைத் தூக்கி அதைப் பாருங்கோ அண்ணை. கோடு கண்டால், இல்லாட்டில் ஒரு கம்பியெண்டாலும் முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், மீனோடை ஓடாதேங்கோ. நேரை இங்கை வாங்கோ. மற்றது, லீவரைப் பிடிக்க முதல் கையைக் கழுவுங்கோ.”

“மீன்காரனைக் கை கழுவச் சொல்லுறீர்” எண்டு சிரிச்சார். காசு எவ்வளவெண்டு கேட்டார், வயரின்ரை காசையும் கடைச்சல் கூலியையும் சொன்னன். குடுத்திட்டு, பெட்டியைத் திறந்து, வாழையிலையிலை சுத்தி வைச்சிருந்த விளைமீன் ஒண்டையும் எடுத்துப் படலைத் தூணிலை வைச்சிட்டுப் போனார்.

எம்.டி 90 இன்ரை சீற்றை அண்டிலிருந்து மூண்டுதரம் தேசிக்காய் போட்டுக் கழுவியாச்சு. பக்கத்து வீட்டுப் பூனை இன்னும் அதிலைதான் படுக்குது.